தோட்டத் திடலில் ஒரு பழைய ஜெட் விமானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் கூட்டம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், சாப்பாட்டுக்கடை என எங்கே பேச்சு எழுந்தாலும், ஓய்வுபெற்ற பயணிகள் விமானம் ஒன்றை வாங்கித் தோட்டத் திடலில் காட்சிக்கு நிறுத்துவது பற்றி இந்தச் சந்தேகங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். அளவு சொல்ல வேண்டிய இடங்களில் நம் ஊர்க்காரர்கள் பலர் ஏறிப் பழகிய போயிங் 737-400 விமானத்தைக் கணக்காக எடுத்துக்கொண்டோம்.

பழைய விமானம்தானே அண்ணே, சும்மா குடுத்துருவாங்களா?

சில சமயம் சும்மாவுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். ஓய்வுபெற்ற விமானத்தின் மதிப்பெல்லாம் எஞ்சின், லேண்டிங் கியர் (சக்கரங்களோடு கூடிய கால்கள்), வால்முனையில் இருக்கும் சிறு எஞ்சின், விமானி அறைக் கருவிகள் ஆகியவற்றில்தான். அவற்றைக் கழற்றி விற்றபின் மிஞ்சும் கூடு, எடைக்குப் போகிற அலுமினியம். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பிரித்து ஏற்றி, இறக்கிச் சேர்த்து, கூரை போடுவதற்குள் கூட்டின் விலை மறந்தே போகும்.

விலை பேசும்போதே எது கூட வரும், எது வராது என்று எழுதி வாங்குங்கள். கதவுகள், மூக்குக் கூம்பு, எஞ்சின் மூடிகள், விமானி இருக்கைகள், சக்கரங்கள் எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். லேண்டிங் கியர் இல்லாமல் வந்தால் உடலைத் தாங்க இரும்புத் தொட்டில் செய்ய வேண்டியிருக்கும். பறக்கும் ஆயுள் முடிந்த கியர் காட்சிக்குப் போதும். அதையே கேளுங்கள்.

எந்த விமானம் நம்ம திடலுக்கு அடங்கும்?

737-400 நீளம் 36.4 மீட்டர், இறக்கை நுனிக்கு நுனி 28.9 மீட்டர், வால் உயரம் சுமார் 11 மீட்டர். பந்து விளையாடும் திடலின் ஒரு மூலை போதும். 747-400 வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் 70.7 மீட்டர் நீளத்தையும் 64 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கையையும் திடலில் கயிறு பிடித்து அளந்து பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு விளையாட இடம் மிஞ்சாது.

ஏர்பஸ் ஏ320 கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அதன் வாலும் வால் இறக்கைகளும் கார்பன் நாரால் ஆனவை. கார்பன் நார் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வேகமாக அரிபடும். இணைப்பு விளிம்புகளில் இடுக்கை அடைக்கும் சீலன்ட் உடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

காகித வேலை என்னென்ன இருக்கு?

விற்பனைப் பத்திரம், பதிவு நீக்கச் சான்று, அடமானம் ஏதும் இல்லை என்ற கடிதம். மலேசியப் பதிவு விமானம் என்றால் சிஏஏஎம் எனப்படும் பொது விமானப் போக்குவரத்து ஆணையம் பதிவை நீக்கியிருக்க வேண்டும். இதில் சோம்பல் கூடாது. 2015 டிசம்பரில் கேஎல்ஐஏ எனப்படும் கோலாலம்பூர் விமான நிலையத்தில் அநாதையாக நின்ற மூன்று 747-200 சரக்கு விமானங்களின் உரிமையாளரைத் தேடி விமான நிலைய நிறுவனம் நாளிதழில் விளம்பரமே கொடுத்தது. 14 நாள் கெடு. அவ்வளவு பெரிய பொருளுக்கும் 'யாருடையது' என்ற குழப்பம் வரும்.

அடுத்தது நிலம். தோட்ட நிலம் பெரும்பாலும் 1965 தேசிய நிலச் சட்டப்படி விவசாய வகையில் இருக்கும். பொதுமக்கள் வந்து பார்க்கும் இடமாக்க வேண்டுமானால், நிபந்தனை மாற்றம் தேவையா என்று நில அலுவலகத்தில் கேளுங்கள். கூரைக்கு ஊராட்சி மன்ற அனுமதி, உள்ளே ஆள் ஏற்றப் பொம்பா எனப்படும் தீயணைப்புத் துறையின் ஒப்புதல். விமானத்தின் வாலில் இருக்கும் சின்னம் விமான நிறுவனத்தின் சொத்து. எழுத்து அனுமதி இல்லாமல் அதை மறுபடி வரையாதீர்கள்.

முழுசா ரோட்ல இழுத்துக்கிட்டு வர முடியாதா?

முடிந்த ஊர் உண்டு. 2019 பிப்ரவரியில் நெதர்லாந்தில் ஒரு 747-ஐ ஸ்கிப்போல் விமான நிலையத்திலிருந்து ஒரு ஹோட்டல் தோட்டத்துக்கு முழுசாகவே நகர்த்தினார்கள். 12 கிலோமீட்டர் சொச்சம் போக ஐந்து நாள். சமதரை, வயல்வெளி, வழியில் 17 வாய்க்கால்களுக்குத் தற்காலிகப் பாலம். சுபாங் விமான நிலையத்திலிருந்து நமக்கு 200 கிலோமீட்டருக்கு மேல்.

இங்கே நடைமுறை, பிரித்துக் கொண்டுவருவதுதான். உடலின் அகலம் மட்டுமே 3.76 மீட்டர். சாதாரண லோரி அகலம் 2.5 மீட்டர். ஆகவே ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் சிறப்பு அனுமதி, முன்னும் பின்னும் காவல் வண்டி, இரவுப் பயணம். வழித்தடத்தை ஓட்டுநரே சுமையின் உயரத்துக்கு ஒரு கம்பத்தை வண்டியில் நிறுத்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலை முடிந்து தோட்டச் சாலைக்குள் திரும்பும் கடைசி இரண்டு கிலோமீட்டர்தான் எப்போதும் வில்லங்கம். தாழ்ந்த மின்கம்பி, செம்பனைப் பழம் ஏற்றும் லோரிக்கு மட்டும் கட்டிய மதகு, செம்பனை ஓலை, கூர்மையான வளைவு. பாரம்தூக்கி நிற்கும் இடத்திலும் செம்மண் இறுகியிருக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் தூக்காதீர்கள்.

இறக்கைய அறுக்கிறது பாவம் இல்லையா சார்? கழட்டி மாட்ட முடியாதா?

கழற்றலாம். 737-இல் இறக்கையின் நடுப்பெட்டி உடலோடு சேர்ந்தது. வெளி இறக்கை உடலின் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான போல்ட், ரிவெட்டுகளால் இணைந்திருக்கும். ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்து, எண் எழுதிப் பையில் போட்டு, துளைகள் நீள்வட்டமாகாமல் காத்து, மறுபடி சேர்க்க வாரக்கணக்கில் பிடிக்கும். வாளால் அறுத்தால் சில நாளில் முடியும். ஆனால் பிறகு ஒட்டுவது வெளிப்பார்வைக்கு மட்டுமே. இறக்கையின் பாரத்தை அந்த ஒட்டு தாங்காது, கீழே தாங்குகால் கொடுத்தாக வேண்டும்.

பணம் குறைவு என்றால் ஒளிக்காமல் அறுங்கள், ஆனால் எங்கே அறுப்பது என்பதைக் கட்டமைப்புப் பழுதுநீக்கக் கையேட்டை வைத்து முடிவு செய்யுங்கள். அறுத்த விளிம்பில் வெறும் உலோகம் தெரியும். அன்றே ப்ரைமர் என்னும் அடிப்பூச்சைப் பூசாவிட்டால் அரிப்புக்கு அதுவே வாசல்.

விமானம் மழையிலதானே பறக்குது, கூரை எதுக்குலா?

இதுதான் அடிக்கடி வரும் கேள்வி, இதில் தவறியவர்களே அதிகம். பறக்கும் விமானம் நாளின் பெரும்பகுதியை உலர்ந்த, உறைகுளிர் காற்றில் கழிக்கிறது. கால அட்டவணைப்படி தரைப்பலகைகளைத் திறந்து அரிப்பைச் சுரண்டி, தடுப்பு எண்ணெய் அடிக்கிறார்கள். திடலில் நிற்கும் விமானத்துக்கு இரண்டும் கிடையாது. தீபகற்பத்தில் ஆண்டு மழை பொதுவாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல், தைப்பிங் பக்கம் அதைவிட அதிகம். மழை நின்றாலும் காற்றின் ஈரம் நிற்பதில்லை.

உடல் தகடு பெரும்பாலும் 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை. மேலே மெல்லிய தூய அலுமினியப் பூச்சு இருப்பதால் வெளிப்புறம் ஓரளவு தாங்கும். ஆபத்து, இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படியும் விளிம்பில். அந்த இடுக்கில் ஈரம் தங்கி வெள்ளைப் பொடி உருவாகும். பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் ரிவெட்டுகளுக்கு நடுவே தகடு தலையணைபோல உப்பும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் அலையலையாகத் தெரியும். 7075 வகைக் கலவையோ காய்ந்த வாழைமட்டை போல ஏடு ஏடாகப் பிரியும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் 737-200 பறந்துகொண்டிருக்கும்போதே கூரைத் தகட்டின் ஐந்து மீட்டருக்கு மேற்பட்ட பகுதியைப் பறிகொடுத்ததற்குக் காரணம், இத்தகைய மடிப்பு விளிம்பில் ஒட்டு விட்டுப்போய் அரிப்பும் உலோகச் சோர்வும் சேர்ந்ததே. நம் விமானம் பறக்கப் போவதில்லை, ஆனால் அரிப்பு அதே வழியில்தான் வரும்.

பெரிய அருங்காட்சியகங்களும் கடைசியில் கூரைக்கே வந்தன. உலகின் முதல் 747 சியாட்டிலில் பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்று மங்கியது. 2016-இல் அங்கே கூரை மண்டபம் திறந்தார்கள். ஆஸ்திரேலியாவின் லாங்ரீச்சில், நம்மைவிட எவ்வளவோ வறண்ட ஊரில்கூட, விமானங்களுக்கு மேல் கூரை போட்டார்கள். 737-400-க்கு முழுக்கூரை என்றால் 40-க்கு 32 மீட்டர், உயரம் 13 மீட்டர் வேண்டும். அது கட்டுப்படியாகாது என்றால் உடலுக்கும் இறக்கை வேருக்கும் மட்டும் தாழ்கூரை போட்டு வாலை வெளியே விடலாம். பக்கச்சுவர் வேண்டாம், காற்று ஓடட்டும்.

அப்படின்னா டர்பாலின் போட்டு மூடிடலாமே?

வேண்டாம். உள்ளே ஈரம் வெந்நீர் வைத்த பானைபோல நிற்கும். காற்றில் ஆடி ஆடி பெயிண்டைத் தேய்க்கும். மடிப்பில் தேங்கும் நீரில் கொசு முட்டையிடும். லோரியில் வரும் இரண்டு இரவுக்கு மட்டும் டர்பாலின் சரி.

கூரை போட்டாச்சு. உள்ள தண்ணி எப்படி வருது?

பூட்டிய உடலுக்குள் இரவு குளிரில் காற்றின் ஈரம் தகட்டின் உட்புறத்தில் பனித்து வழிகிறது. அது கீழே போய்ச் சேரும் இடம் வயிற்றுப் பகுதி. அங்கே பென்சில் நுழையும் அளவுக்கு வடிதுளைகள் இருக்கும். உள்ளே அழுத்தம் ஏறினால் தானே மூடிக்கொள்ளும் சிறு வால்வும் சிலவற்றில் இருக்கும். பல ஆண்டுப் பஞ்சு, தூசி, கடலைத்தோல், சிந்திய காப்பி எல்லாம் களிம்பாகி அந்தத் துளையை அடைத்திருக்கும். மரக்குச்சியால் குத்தி எடுங்கள், கம்பி வேண்டாம். வால்வின் மூடியைக் கழற்றி நிரந்தரமாகத் திறந்து விடுங்கள்.

சுவருக்குள் இருக்கும் கண்ணாடிநார்ப் பஞ்சுமெத்தைகளை முழுசாக வெளியே எடுங்கள். நனைந்த மெத்தை தகட்டோடு ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காயாது. அடுத்து கழிப்பறையும் சமையலறையும் இருந்த இடத்துத் தரைப்பலகையைத் தூக்கிப் பாருங்கள். எந்த விமானத்திலும் மோசமான அரிப்பு அந்த இரண்டு இடத்துக்குக் கீழேதான்.

உரம் போடுற இடத்துக்குப் பக்கத்துல வெச்சா ஒண்ணும் ஆகாதுல?

ஆகும். வெளிநாட்டுக் கையேடுகளில் இது இருக்காது. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் பொட்டாசியம் குளோரைடு, எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு குளோரின். கடலோரத்தில் நிற்கும் விமானத்தைக் கெடுப்பதும் இதே குளோரைடுதான். டிராக்டர் வீசும்போது எழும் தூசி இறக்கையில் படிந்து, இரவு ஈரத்தில் கரைந்து, ரிவெட் தலையைச் சுற்றிக் குழி போடும். கடலிலிருந்து எவ்வளவு தள்ளியிருந்தும் பயனில்லாமல் போகும்.

உரக் கிடங்கு, உரம் ஏற்றும் மேடை ஆகியவற்றுக்குக் காற்றுவாக்கில் விமானம் இருக்கக் கூடாது. தோட்ட நிர்வாகத்திடம் உரம் போடும் சுற்று எப்போது என்று கேட்டுக்கொண்டு, முடிந்த வாரமே குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். ரப்பர் தோட்டம் என்றால் பாலை உறையவைக்கும் பார்மிக் அமிலத்தை அருகில் சேமிக்காதீர்கள். கழுவும்போது நடுநிலைச் சோப்பு, மென்மையான தூரிகை. கரும்பாசி போகவில்லை என்று குளோராக்ஸ் வெளுப்பானை ஊற்றினால், உரத்தைக் கையால் பூசியதற்குச் சமம். உயர் அழுத்தக் குழாயைத் தகட்டு விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள், தண்ணீர் இடுக்குக்குள் ஏறும்.

கோயில் கோபுரத்துக்கு அடிக்கிற ஆளையே கூப்பிட்டு பெயிண்ட் அடிக்கலாமா?

சாரத்தில் ஏறி வேலை செய்ய அவர்களைவிடச் சிறந்த ஆள் கிடையாது. பெயிண்ட் மட்டும் வேறு. சாதாரண எனாமல் அலுமினியத்தைப் பற்றாது, ஓரிரு ஆண்டில் தோலாக உரியும். தகட்டைக் கழுவி, நைலான் பட்டையால் லேசாகத் தேய்த்து, எபாக்ஸி ப்ரைமர், அதன்மேல் இரண்டு பாகப் பாலியூரிதேன். இரும்பு பிரஷ், ஸ்டீல் வுல் தொடக்கூடாது. அதன் துகள் அலுமினியத்தில் பதிந்து புள்ளி புள்ளியாக அரிக்கும்.

பழைய ப்ரைமரில் குரோமேட் இருக்கும், அதன் தூசி புற்றுநோய் உண்டாக்கும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேய்த்து, தூசிக்குரிய சுவாசக் கவசம் போட்டு, கழிவைச் சேர்த்து வையுங்கள். கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவுப் பணி) என்று பள்ளிப் பிள்ளைகள் கையில் மணல்தாள் கொடுக்கும் வேலை இது இல்லவே இல்லை.

சின்னப் பிள்ளைங்க ஏறுவாங்க. உள்ள ஆபத்தான சாமான் ஏதும் இருக்கா ஐயா?

நிறைய. விமானம் விற்பவர் இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, உரிமம் பெற்ற விமானப் பொறியாளர் கழற்றிக் கையெழுத்துப் போட வேண்டியவை: ஆக்சிஜன் சிலிண்டர்கள், இருக்கைக்கு மேலுள்ள ரசாயன ஆக்சிஜன் பெட்டிகள், கதவில் மடித்து வைத்த அவசரச் சறுக்கும் அதன் வாயுக் குப்பியும், எஞ்சின் தீயணைப்புக் குப்பிகள், மின்கலங்கள். தீயணைப்புக் குப்பியில் ஹேலான் வாயுவோடு வெடிமருந்துத் தோட்டாவும் இருக்கும். சறுக்கு விஷயம் இன்னும் மோசம். ஆயத்த நிலையில் இருக்கும் கதவை ஒரு பையன் திறந்தால் சில நொடியில் உப்பி வெளியே பாய்ந்து ஆளைத் தள்ளும்.

ஹைட்ராலிக் எண்ணெய் பாஸ்பேட் எஸ்டர் வகை. பெயிண்டைக் கரைக்கும், தோலையும் கண்ணையும் எரிக்கும். அதையும் மின்கலத்தையும் 2005 திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைப்படி உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். சில விமானங்களில் தானே ஒளிரும் வெளியேறு பலகையில் டிரிட்டியம் இருக்கும். பழைய 747, டிசி-10 ரகங்களில் எடைச்சமனுக்கு வீரியம் குறைந்த யுரேனியம் வைத்ததும் உண்டு. கதிரியக்கப் பொருள் எது இருந்தாலும் 1984 அணுசக்தி உரிமச் சட்டத்துக்குள் வந்துவிடும். 'இல்லை' என்று எழுத்தில் வாங்கியபின் வண்டியில் ஏற்றுங்கள்.

எஞ்சின் இல்லாம நிறுத்தினா வாலு தரையில குத்திடும்னு சொல்றாங்களே?

உண்மை. 737-400-இன் எஞ்சின்கள் பின்சக்கரத்துக்கு நன்கு முன்னால் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் போனால் முன்பாரம் குறைந்து, பின்கதவு வழியாக ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஏறினாலே மூக்கு மேலே தூக்கலாம். முன் சரக்கறையில் கான்கிரீட் கட்டிகளைப் பிளாஸ்டிக் விரித்து அடுக்குங்கள். மணல் மூட்டை வேண்டாம், அது ஈரம் குடிக்கும். கையேட்டில் குறித்த ஜாக்கி புள்ளியில் வாலுக்கும் ஒரு தாங்குகால். கூட்டத்தை முன்கதவு வழியாகவே ஏற்றுங்கள்.

அடித்தளமும் இதோடு சேர்ந்தது. எஞ்சின் போனபின் சுமார் 30 டன். அதில் பத்தில் ஒன்பது பங்கு இரண்டு பின்கால்களில் இறங்கும், அதாவது ஒரு பக்கத்துக்கு 13 டன் அளவு. மண் சோதனை செய்து தனித்தனிக் கான்கிரீட் மேடை போடுங்கள். பழைய லயம் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) இருந்த இடத்தில் மூடிய கிணறோ மலக்குழியோ இருக்கிறதா என்று பெரியவர்களைக் கேளுங்கள்.

டயருக்கு நம்ம ஒர்க்‌ஷாப்லயே காத்து அடிக்கலாமா தம்பி?

கூடாது. பறக்கும்போது அந்த டயரில் 200 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அருகே நைட்ரஜன் இருக்கும். சக்கரம் இரு பாதியாகச் செய்து போல்ட்டால் பிணைத்தது. காற்று முழுசாக இறங்கும் முன் அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் சக்கரம் குண்டாக வெடிக்கும். காட்சிக்கு டயர் உருண்டையாகத் தெரிந்தால் போதும். பாரத்தை அச்சுக்குக் கீழே வைக்கும் இரும்புத் தாங்கி சுமக்கட்டும். இரும்புக்கும் கியருக்கும் நடுவே தடித்த ரப்பர். கியர் மடங்காதபடி பூட்டுமுளைகளை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். கால் தண்டின் பளபளப்பான குரோம் பகுதிக்கு கிரீஸ்.

டெங்கி ஆபீசர் வந்தா கம்பவுண்டு போடுவாரா?

தண்ணீர் தேங்கினால் அபராதம் போடுவார். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் விமானத்துக்கு விலக்கு தராது. எஞ்சின் வாயின் அடிப்பகுதி, சக்கரக் குழி, இறக்கை மடிப்புகளின் உள்வளைவு, கழற்றிய விளக்குகளின் குழி ஆகியவற்றை வாரம் ஒருமுறை பாருங்கள். தேங்கும் இடத்தில் 8 மில்லிமீட்டர் துளையிட்டு, பிசிறு நீக்கி, விளிம்புக்கு ப்ரைமர் பூசுங்கள்.

அதே கையோடு காற்றுப் புழைகளுக்கு நெய்த எஃகு வலை, பிளாஸ்டிக் சட்டத்தில். மைனாவும் எலியும் முதல் வாரமே குடிவரும். செம்பனைப் பழம் தின்ற எலி கம்பியையும் கடிக்கும். பறவை எச்சம் பெயிண்டைத் துளைக்கும்.

இடி விழுந்தா?

கூரைக்கு இடிதாங்கி, விமான உடலுக்குத் தனியே இரண்டு இடத்தில் புவித்தொடர்பு, இரண்டையும் தரைக்குள் ஒன்றாக இணைக்க வேண்டும். மின்தடை 10 ஓமுக்குள். செப்புக் கம்பியை அலுமினியத்தில் நேரே முடுக்காதீர்கள், வெள்ளீயம் பூசிய முனை வையுங்கள். இல்லையென்றால் ஓராண்டில் தொடுப்பே அரிந்துவிடும். இடி கேட்டால் படிக்கட்டில் ஆள் நிற்கக் கூடாது.

உள்ள புழுக்கம் தாங்கல. ஏர்கோன் மாட்டலாமா?

நம் ஊரில் ஏர்கோன் போட்ட கேபினின் தகட்டுக்கு வெளிப்புறமும் பலகைக்குப் பின்னாலும் வியர்க்கும். மேலே சொன்ன உள்தண்ணீர்ச் சிக்கலை நாமே காசு கொடுத்து வாங்குவதாக ஆகும். பின்புறம் காற்று வெளியேற்றும் விசிறி இரண்டு, முன்கதவில் வலை. நாள் முழுக்க ஓடட்டும். கொசுப்புகை அடிக்கும் நாளில் மட்டும் எல்லாவற்றையும் மூடுங்கள், அந்தப் புகையின் எண்ணெய் ஜன்னலில் படியும். ஜன்னல் அக்ரிலிக். அதை அம்மோனியா கலந்த கண்ணாடி கழுவியாலோ தின்னராலோ துடைத்தால் நுண்வெடிப்பு விழுந்து வெளுக்கும். வெறும் சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி.

இவ்வளவுக்கும் பணம் இல்ல. விட்டுடவா?

மூக்கை மட்டும் வாங்குங்கள். முன்கதவுக்குச் சற்றுப் பின்னால் அறுத்த ஐந்தாறு மீட்டர்த் துண்டு ஒரே லோரியில் வரும், பள்ளிக் கொட்டகைக்குள் அடங்கும். வெட்டுமுகத்தில் கண்ணாடி போட்டால் தகடு, சட்டம், கம்பி, தரை எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். முழு விமானத்தில் பிள்ளைகள் அதைப் பார்க்க முடியாது. கூரை இல்லாத முழு விமானத்தைவிடக் கூரைக்குள் இருக்கும் மூக்கையே நாங்கள் சொல்வோம்.

எத்தனை வருஷம் தாங்கும்? அப்புறம் யார் தலையில விழும்?

கூரையும் கழுவலும் இருந்தால் பல பத்தாண்டு. வெட்டவெளியில் நம் மழைக்கு, பத்து ஆண்டுக்குள் வால் பகுதியிலும் தரைச் சட்டங்களிலும் ஆள் ஏற்ற முடியாத நிலை வரக்கூடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடங்களை, ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். உப்பல் வளர்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

தொடக்க ஒப்பந்தத்திலேயே, காட்சி முடிந்தால் உடைத்து அகற்றும் செலவு யாருடையது என்று எழுதுங்கள். செயலாளர் மாறுவார், தோட்டம் கைமாறும், விமானம் மட்டும் அங்கேயே நிற்கும். கழற்றிய ஆபத்துப் பொருள்களின் சான்றுகள், பூசிய ப்ரைமரின் பெயர், அறுத்த இடங்களின் படம், கான்கிரீட் மேடையின் வரைபடம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு, ஒரு பிரதியைப் பள்ளி அலுவலகத்திலும் ஒன்றைத் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியிடமும் கொடுத்து வையுங்கள்.